புள்ளி வராத ரைடையும் பாருங்கள்

மாட்டுத்தாவணி, உத்தங்குடி, ஒத்தக்கடை தொடங்கி மேலூர்ச் சாலை நெடுகிலும் இருக்கும் கபடி ரசிகர்களுக்கு,



புரோ கபடி சீசன் தொடங்கிவிட்டால் நம் பேருந்து நிலையத்தைச் சுற்றிய டீக்கடைகளில் வேறு பேச்சு நிற்காது. பூ மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வருகிறவர்கள், ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், கல்லூரிப் பையன்கள், ஒரு காலத்தில் ஊர் அணியில் கார்னர் நின்ற பெரியவர்கள் என்று எல்லாரும் ஒரு செல்போனைச் சுற்றி நிற்பார்கள். உங்கள் பேச்சில் இருக்கும் அறிவு எனக்குப் பிடிக்கும். கணுக்காலைப் பிடித்தவன் அரை நொடி முந்திவிட்டானா, கவரில் நின்றவன் உதவிக்கு வரத் தவறினானா என்று டிவி வர்ணனையாளர் சொல்லும் முன்பே நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். சடுகுடு என்று சொல்லி வளர்ந்த மண்ணில் அந்தக் கண் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தக் கண்ணை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு புதுப் பையன் மேட்டில் இறங்கும்போது மட்டும் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. முதல் ரெண்டு ஆட்டத்தில் பத்துப் பத்து எடுத்தால் ‘அடுத்த பர்தீப் இவன்தான்’ என்கிறோம். மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில் ரெண்டு புள்ளியோடு பெஞ்சில் உட்கார்ந்தால் ‘தெரிஞ்சுபோச்சு, இவன் தேற மாட்டான்’ என்கிறோம். ரெண்டு தீர்ப்பையும் எழுதுவது திரையின் மூலையில் ஓடும் அந்தப் புள்ளிக் கணக்குதான். ஆட்டத்தை நாம் பார்க்கவே இல்லை.

நம் கண் முன்னால் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. புரோ கபடியில் அதுவரை யாருக்கும் கொடுக்கப்படாத விலை. அந்த அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூருவில் குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் வெளியே போனார். சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. அணியின் தாக்குதல் முழுவதும் அந்த ஒருவரை நம்பிக் கட்டப்பட்டிருந்தது. அந்தச் சுமை முதல் சீசன் ஆடவந்த நரேந்தர் என்ற ஹரியானா பையன் தோளில் விழுந்தது. தொடக்கத்தில் அணி தடுமாறியது. நடுவில் பயிற்சியாளரும் மாறி அஷன் குமார் வந்தார். அப்போது நம்மில் எத்தனை பேர் அந்த அணியைக் கைகழுவினோம் என்பது நமக்கே தெரியும்.

சீசன் முடிந்தபோது நரேந்தர் எடுத்திருந்த ரைடு புள்ளிகள் 243. அறிமுக சீசனில் அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கை அது. 2018-19இல் யு மும்பாவுக்காகச் சித்தார்த் தேசாய் எடுத்த 218தான் அதற்கு முந்தைய உச்சம். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. எலிமினேட்டரில் யு.பி. யோத்தாஸை டைபிரேக்கரில் சாய்த்து, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று ரெண்டே புள்ளியில் தோற்றது. 2017இல் அணி தொடங்கியதிலிருந்து அடிவரிசையிலேயே பார்த்துப் பழகிய நமக்கு அது திருவிழாவாக இருந்தது.

அடுத்த சீசன்களில் நரேந்தரின் கணக்கு அந்த உயரத்துக்கு வரவில்லை. அணியும் தொடர்ந்து இரண்டு சீசன் ஒன்பதாவது இடத்தில் முடித்தது. உடனே ‘ஒரு சீசன் ஆட்டக்காரன்’ என்ற பட்டம் ஒட்டப்பட்டது. ஏன் குறைந்தது என்று கேட்டவர்கள் குறைவு. முதல் சீசனில் அவன் எப்படி ஆடுவான் என்று எதிரணிக்குத் தெரியாது. எந்தக் காலை முன்னால் வைக்கிறான், எந்தப் பக்கம் திரும்பும்போது கையை நீட்டுகிறான், போனஸுக்குப் போவதுபோல் எப்போது ஏய்க்கிறான் என்பதையெல்லாம் இரண்டாவது சீசனுக்குள் மற்ற பதினோரு அணிகளின் வீடியோ அறைகளும் பிரித்துப் போட்டுவிடும். 2024இல் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தார்கள். 2025இல் அர்ஜுன் தேஷ்வால் வந்தார். முதன்மை ரைடர் என்று இன்னொருவர் பக்கத்தில் நிற்கும்போது இவனுக்குக் கிடைக்கும் ரைடுகள் குறையும். ரைடு குறைந்தால் புள்ளி குறையும். அதில் இவன் திறமை குறைந்துவிட்டதற்கு என்ன சாட்சி?

இதற்கு நேர் எதிர்க் கதையும் இருக்கிறது. புரோ கபடியில் 1,800க்கும் மேல் ரைடு புள்ளிகள் எடுத்துவிட்டு 2025இல் விடைபெற்ற பர்தீப் நர்வால் 2015இல் பெங்களூரு புல்ஸில்தான் அறிமுகமானார். ஆறு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகள். பெங்களூரு அவரை வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த சீசனில் பாட்னா போனார். பாட்னா தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கியது. மூன்றாவது கோப்பையின்போது, 2017இல், அவர் ஒரே சீசனில் எடுத்த 369 புள்ளிகளை இன்றும் மலைப்போடுதான் சொல்கிறோம். அந்த முதல் ஆறு ஆட்டங்களை வைத்து ‘தேற மாட்டான்’ என்று சொன்னவர்களும் கபடி தெரிந்தவர்கள்தான்.

பவன் செராவத்தையே பாருங்கள். ஆரம்ப சீசன்களில் அவர் பெயர் பெரிதாக எழவில்லை. 2017இல் குஜராத் அணியில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். அடுத்த சீசனில் பெங்களூருவுக்குத் திரும்பி 271 புள்ளிகள் எடுத்தார். 2019 ஜனவரி 5ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே குஜராத். அவர் ஒருவரே 22 புள்ளிகள் எடுத்தார். பெங்களூரு 38-33 என்று வென்றது.

சித்தார்த் தேசாய் கதை வேறு மாதிரி. அறிமுக சீசனில் 218. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 1.45 கோடி கொடுத்து எடுத்தது. அங்கேயும் முழுச் சுமையைத் தோளில் போட்டு ஒரு சீசன் இழுத்தார். அடுத்து அடிபட்டு, சில ஆட்டங்களோடு சீசனே முடிந்துபோனது. அதன் பிறகு பழைய சித்தார்த்தை நாம் அதிகம் பார்க்கவில்லை. அவர் ஆட்டம் தெரியாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா? கபடி உடம்பைத் தின்னும் ஆட்டம். ஏழு பேர் ஒருவன் மேல் விழும் ஆட்டம். முதல் வருஷமே ஒரு பையனை எல்லா ரைடுக்கும் அனுப்பிவிட்டு, மூன்றாம் வருஷம் அவன் தோள் இறங்கும்போது ‘சோம்பேறி’ என்பது நியாயமில்லை.

இது நம் ஆட்டத்துக்கு மட்டும் வந்த வியாதியில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு என்று ஒரு இடம் உண்டு. பந்தை எடுத்து வந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று முடிவுசெய்து, ஆட்டத்தையே நடத்துகிறவர் அவர்தான். 2013 அக்டோபர் 30 அன்று பிலடெல்பியா அணியில் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் என்ற புதுப் பையன் அந்த இடத்தில் இறங்கினார். எதிரே நடப்பு சாம்பியன் மியாமி. முதல் ஆட்டத்திலேயே 22 புள்ளிகள், 12 அசிஸ்ட், 9 முறை பந்துப் பறிப்பு. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அடுத்த சீசன் முடியும் முன்பே அந்த அணி அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. பிறகு அணி அணியாக மாறினாரே தவிர அந்த முதல் வருஷத்து உயரத்துக்கு வரவில்லை. இன்னொரு பக்கம், 1996இல் பீனிக்ஸ் அணி ஸ்டீவ் நாஷைத் தேர்ந்தெடுத்தபோது அந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 3.3 புள்ளிகள்தான் எடுத்தார். ரெண்டு வருஷத்தில் டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அதே பீனிக்ஸுக்குத் திரும்பி வந்து 2005, 2006 என்று அடுத்தடுத்து லீகின் தலைசிறந்த வீரர் விருதை வாங்கினார். முதல் வருஷக் கணக்கு ரெண்டு பேரைப் பற்றியும் பொய் சொன்னது.

அப்படியானால் புதுப் பையனை எதை வைத்து மதிப்பிடுவது? மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரனுக்குக் கண்டிப்பான ரசிகன் வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

முதலில், எந்த ரைடுக்கு அவனை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். ஓர் அணி தொடர்ந்து ரெண்டு ரைடில் வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரைடு டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். பல அணிகளில் பெரிய பெயர்கள் முதல் ரெண்டு ரைடையும் பத்திரமாக முடித்துவிட்டு வருவார்கள். மூன்றாவதற்குப் புதுப் பையன் போவான். ஐந்து பேர் சங்கிலி கட்டி நிற்பார்கள், போனஸ் கோடும் உதவாது, ஏனென்றால் ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கிடையாது. தொட்டே ஆக வேண்டும், இருப்பது 30 நொடி. பிடிபடுவான். கணக்கில் அது அவன் தோல்வி. அந்த ரைடை அவனுக்கு விட்டுவைத்த ரெண்டு பேர் கணக்கிலும் அது எழுதப்படாது. ஓர் ஆட்டத்தில் ஒரு பையன் நான்கு முறை பிடிபட்டான் என்றால், அதில் எத்தனை முறை மூன்றாவது ரைடு என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, எதிரே எத்தனை பேர் நிற்கும்போது புள்ளி எடுக்கிறான் என்று பாருங்கள். ஏழு பேர் நிறைந்த தடுப்புக்குள் போய் லெப்ட் கார்னரைத் தொட்டு வரும் ஒரு புள்ளி ஆட்டத்தைத் திறந்துவிடும். ஆட்டம் கையை விட்டுப் போன பிறகு கடைசி மூன்று நிமிடத்தில் எடுக்கும் நான்கு புள்ளி அவன் சூப்பர் 10ஐ நிரப்பும், அணிக்கு எதுவும் செய்யாது. கணக்கில் முதலாவது ஒன்று, இரண்டாவது நான்கு.

மூன்றாவது, பிடிபட்டு வெளியே உட்கார்ந்து, சக வீரர் ஒரு புள்ளி எடுத்து உயிர் கொடுத்த பிறகு திரும்பி வரும் முதல் ரைடைப் பாருங்கள். பையனின் மனசு தெரிவது அங்கேதான். சிலர் கோபத்தோடு உள்ளே பாய்ந்து அதே கார்னர் கையில் அதே காலைக் கொடுப்பார்கள். சிலர் பயந்து பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டுத் திரும்புவார்கள். தேறுகிற பையன் தன்னைப் பிடித்தவன் எங்கே நிற்கிறான் என்று முதலில் பார்ப்பான். அவனை இழுத்துப் பார்ப்பான். அந்த ரைடில் புள்ளி வராமல் போகலாம். அதற்கடுத்த ரைடில் வரும்.

நான்காவது இந்தப் புள்ளி வராத ரைடுதான், இந்த மடலின் சாரமும் அதுதான். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர். அதைத் தாண்டினால்தான் ரைடு செல்லும். புதுப் பையன் அதை எப்போது தாண்டுகிறான்? உள்ளே போன ஐந்தாவது நொடியிலா, இருபதாவது நொடியிலா? முன்னணியில் இருக்கும் அணிக்குக் கடைசி நேரத்தில் 30 நொடியையும் நின்று கழித்துவிட்டு பிடிபடாமல் திரும்புவது பெரிய வேலை. கவரை நான்கு முறை ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஐந்தாவது முறை அந்த இடத்தை இன்னொரு ரைடருக்குத் திறந்துகொடுப்பது அதைவிடப் பெரிய வேலை. புள்ளி இன்னொருவர் பெயரில் போகும். கூடைப்பந்தில் அசிஸ்ட் என்று அதற்கு ஒரு பத்தியாவது உண்டு. நம் ஆட்டத்தில் அதற்கு ரசிகன் கண்ணைத் தவிர வேறு பதிவேடு கிடையாது. நீங்கள் பார்க்காவிட்டால் அது நடக்காதது மாதிரியே ஆகிவிடும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டுமே தங்கம் வாங்கின. கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் அந்த அணிகளில் இருந்தார்கள். தமிழ்நாடே கொண்டாடியது. அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. கொண்டாடியது சரி. நாளைக்கு இவர்கள் பெரியவர்கள் ஆட்டத்துக்குள் வரும்போது, பத்துப் பதினைந்து வருஷம் மேட்டில் தேய்ந்த கைகள் அவர்களைப் பிடிக்கும். முதல் வருஷம் சறுக்கத்தான் செய்யும். அப்போது நம் வாய் என்ன சொல்லப்போகிறது? ‘பாராட்டிப் பாராட்டியே கெடுத்தாங்க’ என்ற வசனத்தை இப்போதே தூக்கி எறிந்துவிடுவோம்.

‘தலைவாஸில் நம்ம பையன்கள் எங்கே?’ என்று நீங்கள் கேட்பதும் எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி, நானும் கேட்கிறேன். அந்தக் கேள்வியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பதினேழு, பதினெட்டு வயசில் ஒரு பையனைக் கூட்டம் வைத்துத் திட்டினால் அவன் எத்தனை சீசன் தாங்குவான்? தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதனை நினைத்துப் பாருங்கள். புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயசு. 2016இல் பாட்னாவுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கினார். நாற்பதைத் தாண்டியும் கார்னரில் நின்று இருபது வயசு ரைடர்களைப் பிடித்தார். இந்த ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரனுக்கு இவ்வளவு நீளமான ஆயுள் இருக்கும்போது அவன் கணக்கை முதல் மாதத்திலேயே மூடுவது என்ன அவசரம்?

திரையை விட்டு நம் ஊர் ஆட்டத்துக்கு வருகிறேன். பொங்கலிலிருந்து சித்திரை, வைகாசி வரைக்கும் மேலூர், அலங்காநல்லூர், சிவகங்கைப் பக்கமெல்லாம் விளக்குப் போட்டு ராத்திரி கபடி நடக்கும். வெளியூர் அணிகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில்தான் இறங்குகின்றன. ஊர் அணிகளும் ஒரு சின்னப் பையனைக் கெஸ்ட் பிளேயராகக் கூட்டி வருகின்றன. முதல் ரைடிலேயே பிடிபட்டால் மைக்கில் அவனைக் கேலி பேசுகிறார்கள். கயிற்றோரம் நிற்கும் கூட்டம் அம்மா, அக்காவை இழுத்துத் திட்டுகிறது. சில இடங்களில் அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டுதான் கைதட்டுவதா வேண்டாமா என்று முடிவாகிறது. கபடிக்கு அனுமதி கேட்டு நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும் மனுக்கள் போகின்றன. சாதி அடையாளத்தோடு உடையோ பாட்டோ கூடாது என்று நீதிபதிகள் நிபந்தனை எழுத வேண்டியிருக்கிறது. ஆட்டம் தெரிந்த ஊருக்கு இதைக் கோர்ட்டு சொல்லியா தெரிய வேண்டும்?

அந்தப் பையனுக்கு அது வெறும் ஒரு ராத்திரி ஆட்டமில்லை. பெரும்பாலும் கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை. முதலமைச்சர் கோப்பை, மாநில அணி, ரயில்வே, போலீஸ், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை என்று ஒவ்வொரு படியாக ஏற முயல்கிறான். தேர்வுசெய்ய வருகிறவர்கள் கூட்டத்தின் பேச்சையும் காதில் வாங்குகிறார்கள். ‘அவனா, பயந்தாங்கொள்ளி’ என்று நாலு பேர் சொன்னால் அது அவனுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு விதை நெல்லை முளைக்கிறதா என்று தினமும் தோண்டிப் பார்க்கிறவனுக்கு என்ன விளைச்சல் கிடைக்குமோ, அதுதான் இந்த வழியில் நமக்கும் கிடைக்கும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஒரு புது ரைடருக்கு மூன்று சீசன் கொடுங்கள். அந்த மூன்றிலும் அவனைக் கேள்வி கேளுங்கள். ஏன் இடது பக்கமே போகிறான், ஏன் போனஸை மட்டும் நம்புகிறான், ஏன் கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறான் என்று ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவனுக்கு அது உதவும். ‘தேறுவான்’, ‘தேற மாட்டான்’ என்ற ரெண்டு சொல்லை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கோடி கொடுத்து எடுத்த அணி நிர்வாகம் அவனை எப்படிப் பயன்படுத்துகிறது என்று அதே கண்டிப்போடு கேளுங்கள். ஒரே பையனை எல்லா டூ ஆர் டைக்கும் அனுப்பும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பையனிடம் கேட்காதீர்கள்.

ஊர் ஆட்டம் நடத்தும் விழாக் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. மைக் பிடிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பதினெட்டு வயசுக்கு உட்பட்ட எந்தப் பையனையும் மைக்கில் கேலி பேசக்கூடாது. சிறந்த ரைடர், சிறந்த பிடிக்காரர் என்று கொடுக்கும் கோப்பைகளோடு அறிமுக ஆட்டக்காரருக்கும் ஒரு கோப்பை வையுங்கள். அதை எத்தனை புள்ளி எடுத்தான் என்று பார்த்துக் கொடுக்காமல், பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேரை உட்காரவைத்து, எப்படி ஆடினான் என்று கேட்டுக் கொடுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

வரும் தை மாதத்து ஆட்டங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஒரு சின்னப் பையன் ஏழு பேருக்கு நடுவே 30 நொடி நின்று, யாரையும் தொடாமல், யாரிடமும் பிடிபடாமல் நடுக்கோட்டைத் தாண்டி வந்தால், அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு முறை கைதட்டுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் ஏன் என்று கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களோடு கயிற்றோரம் நிற்கும் ஒரு கபடி ரசிகன்
மாட்டுத்தாவணி, மதுரை